மாமாவிடம் மிஞ்சிய இந்தி

மருத்துவமனைக் கட்டிலில் கண் விழித்ததும் என் மாமனார் என் மாமியாரைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ஹட்!" ஈரத் துணியால் அவருடைய உதட்டைத் துடைக்கக் குனிந்திருந்த அத்தை, துணியோடு அப்படியே நின்றுவிட்டார். "என்னுங்க? என்ன வேணுமுங்க?" என்று கேட்டார். மாமா இடது கையை வீசி மறுபடியும் "ஹட்! ஹட்!" என்றார். வலது கை போர்வைமேல் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. தெரு நாயைத் துரத்துகிற சத்தம்போலத்தான் எங்களுக்கு அது கேட்டது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை அழவில்லை. துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, "அம்மணி, நீயே பாத்துக்க," என்று என்னிடம் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அது ஏன் அவ்வளவு பெரிய அடி என்று புரிய வேண்டுமானால் மாமா எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்ல வேண்டும். திருப்பூர் நல்லூரில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு மரியாதை பிறவிக் குணம் என்று நாங்களே எங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வோம். மாமா அதிலும் ஒரு படி மேல். கேட்டுக்கு வெளியே நின்று, "தபாலுங்க," என்பார். பள்ளிக்கூடப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற பிள்ளையிடமும், "வாங்க சாமி, அப்பா ஊட்டுல இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார். குரைக்கிற நாயைக்கூட, "சித்தெ சும்மா இருங்க," என்று அவர் அடக்கியதாகத் தெருவில் ஒரு கேலி உண்டு. அது கேலி இல்லை, நானே காதால் கேட்டிருக்கிறேன். இவரைக் கட்டிக்கொண்டது புண்ணியம் என்று ஊரே அத்தையிடம் சொல்லும். அத்தை சிரித்துக்கொண்டு தலையாட்டுவார். வீட்டுக்குள் வந்ததும், "ஊருக்கெல்லாம் வாங்க போங்க. ஊட்டுக்கு வந்தா வாயில கொழுக்கட்டை," என்பார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், மாமாவுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு வீட்டில் பேச்சு என்பதே கிடையாது. காலையில் கிளம்பும்போது, "வரேன் புள்ள." சாயங்காலம் சைக்கிளை நிறுத்தியதும், "தண்ணி." இரண்டுக்கும் நடுவில் இருந்த பேச்சையெல்லாம் அவர் தெருவிலேயே செலவழித்துவிட்டு வந்திருப்பார். அத்தை அவருக்கு வைத்திருந்த பெயர் கல்லுளிமங்கன். முகத்துக்கு நேராகவே சொல்வார். மாமா லேசாகச் சிரிப்பார், அவ்வளவுதான்.

மாமா பிறந்தது மங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். கிணற்றுப் பாசனம், கொஞ்சம் பருத்தி, கொஞ்சம் சோளம், ஒரு ஜோடிக் காளைகள். மழை பொய்த்துக் கிணறு வற்றிப்போன ஒரு கோடையில், கோயமுத்தூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கிறார். உனக்கு என்ன தெரியும் என்று கேட்டார்களாம். "மாடு ஓட்டத் தெரியுமுங்க," என்றாராம். அந்த ஒரு பதில் அவருடைய பட்டாள வாழ்க்கையையே தீர்மானித்துவிட்டது. துப்பாக்கியைவிட அதிக நேரம் அவர் கையில் இருந்தது கோவேறு கழுதையின் கயிறுதான். வண்டி போகாத பனிமலையில், உச்சியில் இருக்கிற காவல் முகாம்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் தோட்டாவும் கழுதை முதுகில்தான் போகும். கூட நடக்கிறவர் மாமா.

அவர் இந்தி கற்றது அங்கே. கற்றுக்கொடுத்தவர் வாத்தியார் இல்லை, அதட்டுகிற ஹவில்தார். பேசிப் பழகியதும் மனிதர்களோடு குறைவு, கழுதைகளோடுதான் அதிகம். ஆகவே மாமாவுக்குத் தெரிந்த இந்தி, கழுதை ஓட்டுகிற இந்தி. நட, நில், ஒதுங்கு, மெதுவாக, சபாஷ். இதை வைத்துக்கொண்டு திருப்பூரில் என்ன செய்ய முடியும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் பட்டாளத்தை விட்டு வந்து, முன்னாள் ராணுவத்தினருக்கான இடத்தில் தபால் வேலை கிடைத்து, காலம் ஓடி, பனியன் கம்பெனிகளுக்கு வடக்கிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆள் வரத் தொடங்கியபோது, தூங்கிக் கிடந்த அந்த இந்தி எழுந்து உட்கார்ந்துகொண்டது.

வடக்கத்திப் பையன்கள் இன்று ஒரு ரூமில் இருப்பார்கள், அடுத்த மாதம் வேறு ரூமுக்குப் போய்விடுவார்கள். அவர்களுக்கு வருகிற பேங்க் கார்டையும் ஆதார் அட்டையையும் உரியவர் கையில் சேர்ப்பதற்குள் தபால்காரருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். மாமா ஷிப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி வாசலில் போய் நின்றுகொள்வார். தேடுகிற ஆள் கண்ணில் பட்டதும் காக்கிச் சட்டையோடு மலையே அதிர, "ஏய்! ருக்!" என்பார். நில் என்று பொருள். அந்தப் பையன் டிபன் பாக்ஸைக் கீழே போட்டுவிட்டு, போலீஸ்தான் வந்துவிட்டது என்று கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். மாமா பக்கத்தில் போய்க் கவரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "ஷாபாஷ் பேட்டா," என்று பிடரியில் ரெண்டு தட்டுத் தட்டுவார். அடுத்த நொடி பக்கத்தில் நிற்கிற டீக்கடைக்காரரிடம் திரும்பி, "ஒரு டீ போடுங்க சாமி," என்பார். ஒரே வாயிலிருந்து இரண்டு மனிதர்கள் பேசுவார்கள். எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் நானும் என் கணவரும் நடத்துகிற சின்னத் தையல் யூனிட்டில் இருக்கிற பீகார் டெய்லரும் அப்படிக் கை தூக்கி நின்றவர்களில் ஒருவர்தான்.

அத்தையின் கதைக்கு வருகிறேன். அவர் மாமாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. எனக்கு அது தெரிந்தது ஒரு ஆடிக் காற்று நாளில், நானும் அத்தையும் புளி குத்திக்கொண்டிருந்தபோது. என் கணவருக்கு முன்னால் அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்திருக்கிறது. தவழத் தொடங்கிய வயதில் ஜன்னி கண்டு இறந்துபோனது. மாமா அப்போது மலையில். அத்தையின் அண்ணன் திருப்பூருக்கு ஓடிப் போய்த் தந்தி கொடுத்தார். பச்சைப் பிள்ளையைப் போட்டு வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் அன்றைக்கே மங்கலம் தோட்டத்து மூலையில் அடக்கம் செய்துவிட்டார்கள். அத்தை தினமும் பஸ் வருகிற பாதையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாமா வரவில்லை. வழக்கமான லீவுக்கு, கோடையில்தான் வந்தார்.

"வந்தாரு. சோறு தின்னாரு. மறாநாள் காளையப் புடிச்சுட்டு ஓட்டப் போயிட்டாரு," என்றார் அத்தை. "புள்ளைக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. எங்க பொதைச்சீங்கன்னு கேக்கலை. அந்த மூலைப் பக்கமே போகலை. நாய்க்குட்டி செத்தாக்கூட நாலு பேரு கேப்பாங்க அம்மணி."

"நீங்க கேட்டிருக்கலாமில்லீங்க அத்தை, ஏன் வரலைன்னு?"

"கேக்கோணும்னுதான் இருந்தேன். லீவுல வந்த மனுசனைப் போட்டு வாட்டக் கூடாதுன்னு விட்டுட்டேன். பட்டாளத்தை விட்டு வரட்டும், கேக்கலாம்னு இருந்தேன். வந்த மறு மாசமே போஸ்ட் ஆபீஸ்ல சேந்துட்டாரு. சரி, ரிட்டயர் ஆகட்டும்."

சாகப்போகிறவர்கள்கூட இத்தனை வாய்தா வாங்க மாட்டார்கள் என்று நான் கேலி செய்தேன். அத்தையும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. அவர் பயந்தார் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. "வரத் தோணலை" என்று மாமா சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு எப்படிச் சோறு போடுவது? கேட்காமல் இருந்தவரைக்கும் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது. அந்தத் தந்தியின் நினைவால்தான் மாமா தபால்காரர் ஆனார் என்று நான் எழுதினால் கேட்க அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. வேலை காலியாக இருந்தது, மனுப் போட்டார், கிடைத்தது. அவர் மனதில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அத்தைக்கே தெரியாது, அதுதானே இத்தனை வருட வழக்கு.

மாமா ஓய்வு பெற்றார். மாலை போட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அத்தை பழனிக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்து பேசலாம் என்றார். பிறகு யூனிட்டில் ஷிப்மெண்ட் நெருக்கடி, அது முடியட்டும் என்றார். ஒரு நாள் காலையில் மாமா சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்தார்.

பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள். எங்களுக்கு விளக்கிச் சொன்ன பெண் டாக்டர் பொறுமைசாலி. மூளையில் பேச்சு இருக்கிற இடத்தில் அடி விழுந்திருக்கிறது, தமிழ் போய்விட்டது, ஆனால் சிலருக்குப் பிற்காலத்தில் பழகிய மொழி கொஞ்சம் தங்கும், பழக்கத்தில் ஊறிய வார்த்தைகள் தங்கும், நாம் பேசுவது ஓரளவு புரியும், அதனால் பேசிக்கொண்டே இருங்கள் என்றார். என் கணவர் புரியாமல் விழித்தார். யூனிட் நடத்துகிற எனக்குச் சட்டென்று பிடிபட்டது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போய்விட்டால் மெஷின் ஓடாது, எங்காவது ஒரு மூலையில் ஒரு பல்பு மட்டும் எரியும். மாமாவிடம் எரிந்துகொண்டிருந்தது கழுதை ஓட்டிய பல்பு.

அத்தைக்கு இந்த விளக்கமெல்லாம் ஆறுதலாக இல்லை. "தமிழ் போச்சு, அது விதி. மிஞ்சுனதுல ஒரு நல்ல வார்த்தை கூடவா இல்லை?" என்றார். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் போனாலே மாமா இடது கையால் விலக்கி, "ஹட்!" என்பார். என்னைப் பார்த்துச் சொன்னதில்லை, மகனைப் பார்த்துச் சொன்னதில்லை. அத்தையைப் பார்த்து மட்டும்தான். "ஆறுன கஞ்சி பழங்கஞ்சி. இனி என்னத்தக் கேட்டு என்னத்தத் தெரிஞ்சுக்கறது," என்று ஒரு நாள் அத்தை தனக்குத் தானே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். எனக்கு மாமாமேல் கோபம் வந்தது. படுத்துக் கிடக்கிற மனிதர்மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும், இருந்தாலும் வந்தது.

பார்க்க வந்த ஒறம்பரைச் சொந்தங்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்த பெரியப்பா ஒருவரைப் பார்த்து மாமா, "சல்! சல்!" என்று, கிளம்பு கிளம்பு என விரட்ட, அவர் பாதிக் காபியோடு எழுந்து போனவர்தான், பிறகு கல்யாண வீட்டில்கூடப் பேசவில்லை. பட்டாளத்தில் செத்த யாரோ உடம்பில் இறங்கியிருக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. முருகன் கோயில் பூசாரியை வரவழைத்தோம். அவர் கண்ணை மூடி மந்திரித்துத் திருநீறு பூசியதும் மாமா தெளிவாக, உரக்க, "ஷாபாஷ்!" என்றார். பூசாரி நல்ல மனிதர். "முருகனுக்கே சபாஷ் சொல்றவருக்கு ஒண்ணும் ஆகாதுங்க," என்று சொல்லித் தட்டத்தை எடுத்துக்கொண்டார்.

திருப்பம் வந்தது ஒரு சாதாரணக் காரியத்தில். மாமாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது. என் கணவர் வெளியே போயிருந்தார். நான் யூனிட்டிலிருந்து அந்த பீகார் டெய்லரைக் கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும், பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தால் அக்கம்பக்கம் பார்க்காத ஆள். மாமாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியபோது மாமா, "தீரே, தீரே," என்றார். அவரும் இந்தியில் ஏதோ பதில் சொன்னார். மாமா அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மெல்ல இடது கையைத் தூக்கி அவருடைய பிடரியில் தட்டி, "ஷாபாஷ் பேட்டா," என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் முகத்தில் நான் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

"தாத்தா என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

டெய்லர் பேசுகிற தமிழ் பனியன் கம்பெனியில் கற்ற தமிழ். அதில் பெரியவர், சின்னவர் கிடையாது. "அக்கா, தாத்தா நல்லா பேசறான். மெதுவா மெதுவான்னு சொல்றான்," என்றார்.

கதவோரம் நின்றிருந்த அத்தை, "என்னைய மட்டும் நாயாட்டம் தொரத்தறாரே, அதுக்கென்ன அர்த்தம்னு கேளு," என்றார்.

நான் கேட்டேன். டெய்லர் யோசித்தார். "திட்டு இல்லம்மா. எங்க ஊர்ல செங்கல் சூளையில கழுதை இருக்கு. அதுக்கிட்ட இப்படித்தான் சொல்லும். ஹட்னா, தள்ளிப் போ, ஓரம் போகாதே."

சாயங்காலம் இதை என் கணவரிடம் சொன்னேன். அவர், சின்ன வயதில் அப்பா தனக்குச் சொன்ன ஒரே பட்டாளக் கதையைச் சொன்னார். முதுகில் ரெண்டு பக்கமும் மூட்டை தொங்குகிற கழுதை, மலைப் பாதையில் பாறைப் பக்கமாக நடக்காதாம். மூட்டை பாறையில் இடிக்கும் என்று பள்ளத்தின் விளிம்பிலேயே நடக்குமாம். கூடப் போகிறவருக்கு உயிர் கையில் இருக்காது. வழி நெடுக அதை உள்பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும். அதற்குத்தான் அந்தச் சொல்.

அத்தை இதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று எனக்கு உடனே தெரியவில்லை. மாமா கழுதையை நினைத்துச் சொன்னாரா, அத்தையை நினைத்துச் சொன்னாரா, ஒன்றும் நினைக்காமலே வாயில் வந்ததா, அதை யாரால் சொல்ல முடியும்? மறுநாள் கஞ்சிக் கிண்ணத்தோடு போனபோது மாமா வழக்கம்போல, "ஹட்!" என்றார். அத்தை கட்டிலின் விளிம்பிலிருந்து எழுந்து சுவர்ப் பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டு, "இப்பச் சரிங்களா?" என்றார். மாமா வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். பதினோரு மணி டீக்கு மெஷின் நின்றதும் அத்தை யூனிட் வாசலில் வந்து நிற்பார். டெய்லருக்கு டம்ளர் நிறைய டீ கொடுத்து, "தண்ணிக்கு என்ன? வலிக்குதான்னு எப்படிக் கேக்கறது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். வடக்கத்திக்காரர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டால் சுவரெல்லாம் பான்பராக் என்று தெருவையே கூட்டியவர் அவர்தான். இப்போது சமையலறையில் பருப்பைக் கடைந்துகொண்டே, "தர்த் ஹே? தர்த் ஹே?" என்று வலிக்குதா வலிக்குதா என மனப்பாடம் செய்தார். மாமாவும் அத்தையும் பேசத் தொடங்கினார்கள். "பானி?" "பானி." "பஸ்?" "பஸ்." தண்ணீர், போதும், மெதுவாக, நல்லது. இவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் அந்தச் சில மாதங்களில் அவர்கள் பேசிக்கொண்டது, மாமாவுக்குத் தமிழ் இருந்த காலம் முழுக்கப் பேசியதைவிட அதிகம் என்று நான் சத்தியம் செய்வேன். நடுநடுவே அத்தை தமிழில் ஊர்க் கதை முழுவதையும் கொட்டுவார். மாமா "ஹாங், ஹாங்" என்று கேட்டுக்கொள்வார். கல்லுளிமங்கனுக்கு ஒரு வழியாக ஆமாம் போட வந்துவிட்டது என்று நான் கேலி செய்தேன்.

மாமா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. அத்தை இன்று எங்கள் யூனிட்டில் பிசிர் நூல் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புதிதாக வருகிற வடக்கத்திப் பையன்கள் அவருடைய இந்தியைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அவரும் கழுதை இந்திதான் பேசுகிறார், வேறு அவருக்குத் தெரியாது.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமா இருந்தபோது நடந்த ஒரு மத்தியானத்தை. அன்று மின்வெட்டு. மெஷின்கள் நின்றிருந்தன. ஆட்கள் வாசலில் காற்றுக்கு நின்றார்கள். நான் திறந்திருந்த உள் அறைக் கதவை ஒட்டி, தைத்த பீஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடாததால் உள் அறையில் அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. இந்தியில் இல்லை, தமிழில்.

"ஏனுங்க. உங்களை ஒண்ணு கேக்கோணும். நம்ம மொதப் புள்ள போனப்ப, ஏனுங்க நீங்க வரலை?"

என் கை நின்றுவிட்டது. அங்கிருந்து போய்விட வேண்டும் என்று தோன்றியது, போக முடியவில்லை. மாமாவிடமிருந்து வெகு நேரம் ஒன்றும் வரவில்லை. புரிந்திருக்காது என்று நினைத்தேன். பிறகு கரகரப்பாக ஒரு சொல் வந்தது. "பரஃப்."

அத்தைக்கு அது தெரியாத சொல். மாமா மறுபடியும் சொன்னார். இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்தார். "பரஃப். ராஸ்தா பந்த். ராஸ்தா பந்த்." அந்தக் கையை இங்குமங்கும் நீட்டி எதையோ தேடியவர் உடைந்துபோய் அழுதார். அவர் அழுது நான் கேட்டதில்லை. அவருடைய மகனும் கேட்டதில்லை.

அத்தை அந்த அறையின் ஜன்னலுக்கு வந்தார். வெளியே நின்ற டெய்லரைக் கூப்பிட்டு, "பரஃப்னா என்னப்பா?" என்றார்.

"ஐஸும்மா. மலையில விழும்ல, அந்த ஐஸ்," என்றார் அவர்.

ராஸ்தா என்றால் வழி என்று அத்தைக்குத் தெரியும். பந்த் என்பது கடையடைக்கும் ஊரில் இருக்கிற யாருக்கும் தெரியும். அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பனி விழுந்து வழி அடைபட்டுக் கிடந்திருக்கிறது. தந்தி அவருக்கு எப்போது கிடைத்தது, யார் படித்துச் சொன்னார்கள், வழி திறக்கிறவரை அவர் அந்த மலைமேல் என்ன செய்துகொண்டிருந்தார், எதுவும் இனித் தெரியப்போவதில்லை. லீவில் வந்தபோது இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒரு பெண்ணின் பாதி ஆயுள் லேசாகியிருக்கும். வழி அடைபட்டது என்பதைக் காரணமாகச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். கேட்காதபோது எதற்குச் சொல்வது என்று இருந்திருக்கலாம். ரெண்டு பேருமே ஒருவருக்காக ஒருவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அத்தை திரும்பி அவரிடம் போனார். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தார். "பஸ். பஸ்," என்றார். போதும், போதும். பிறகு, "இப்ப வழி தொறந்துதானுங்க கெடக்குது. போலாங்களா?" என்றார்.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சல்," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பீஸ் ஏற்றிப் போகிற எங்கள் வேனில் மாமாவை உட்கார வைத்து, சக்கர நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு மங்கலத்துக்குப் போனோம். தோட்டம் இப்போது எங்களுடையது இல்லை. தண்ணீர் கெட்டுப் போன வருடங்களில் பங்காளிகள் சேர்ந்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர் தறி ஷெட் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடிக்கொண்டிருந்தது. கேட்டில் இருந்த வாட்ச்மேன் தெற்கத்திக்காரர். "யாரப் பாக்கணும்?" என்று கேட்டார். என் கணவர் எப்படி விளக்குவது என்று தடுமாறினார்.

"மவளப் பாக்க வந்தமுங்க," என்றார் அத்தை.

வாட்ச்மேன் எந்தத் தறியில் வேலை செய்கிற பெண் என்று நினைத்தாரோ தெரியவில்லை. நாற்காலியில் இருந்த மாமாவை ஒரு பார்வை பார்த்தார். "மொதலாளி வர்றதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்கம்மா," என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

ஷெட்டுக்குப் பின்னால் கிணறு இருந்த இடத்தில் கான்கிரீட் பலகை போட்டு மூடியிருந்தது. அதைத் தாண்டி மூலையில் ஒரு வேம்பு, அடியில் உடைந்த நூல் கோன்கள் குவிந்து கிடந்தன. மேடு பள்ளமான மண்ணில் நாற்காலி நகர மறுத்தது. என் கணவர் தள்ள, அத்தை முன்னால் நடந்தார். வேம்புக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் வந்ததும் மாமா இடது கையால் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார். அத்தையைப் பார்த்தார். வாய் கோணி, ரெண்டு மூன்று முறை காற்று மட்டும் வந்தது.

"எங்க?" என்று கேட்டார்.

தமிழில் கேட்டார். விழுந்த நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் தமிழ்ச் சொல். அதற்குப் பிறகும் அவர் வேறு தமிழ்ச் சொல் எதையும் பேசவில்லை.

அத்தை அழவில்லை. குனிந்து கோன்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். ஒரு முறம் அளவுக்கு மண் தெரிந்தது. "இங்கதானுங்க," என்று உள்ளங்கையை அதன்மேல் வைத்துக் காட்டினார்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இடது கால் செருப்பைக் கழற்றி அப்பால் தள்ளினார். வலது காலை அவரால் அசைக்க முடியவில்லை, அத்தை கிட்ட வந்து அந்தச் செருப்பையும் கழற்றினார்.